ஏழு கேள்விக்கும் ஒரே பதில்

மதுரை வரைக்கும்தானே தம்பி? நல்லதாகப் போயிற்று. ராஜபாளையத்தில் ஏறி மதுரை வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வருவது என்னால் ஆகாத காரியம். பேசியே சம்பளம் வாங்கியவன் நான். நீங்கள் போனைப் பார்க்க வேண்டுமானால் பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டேன். காது மட்டும் இங்கே இருந்தால் போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. என் சிநேகிதர் குலசேகரனைப் பார்க்க. இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார், இட்லி சாப்பிடுகிறார், சட்னி சரியில்லை என்று நர்ஸிடம் குறை சொல்கிறார் என்று தகவல். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மனிதர் ஊர் கூடியிருந்த இடத்தில் எனக்குச் செய்த காரியம் இருக்கிறதே, அதை மறக்க முடியாது. "படுத்திருக்கிற மனுசன்கிட்ட சண்டை போடாதீங்க" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சண்டை போடப் போகவில்லை. ஒரு விஷயம் கேட்கப் போகிறேன், அவ்வளவுதான். கேட்பது வேறு, சண்டை வேறு.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

என் பேர் தங்கமாரி. கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ரிட்டையர் ஆனவன். இப்போது எங்கள் ஸ்கூல் மைதானத்தில் காலை நடைப்பயிற்சிச் சங்கம் நடக்கிறது, அதற்குத் தலைவர். சிரிக்காதீர்கள். வயதானவர்களை நடக்க வைப்பது பிள்ளைகளைப் படிக்க வைப்பதைவிடக் கஷ்டம். மில்லில் இருந்தவர், வங்கியில் இருந்தவர், மின்வாரியம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று ஆளுக்கு ஒரு பழக்கம். நான் வருவதற்கு முன்னால் ஒருவர் இப்படிச் சுற்றுவார், ஒருவர் அப்படிச் சுற்றுவார், நடுவில் சந்தித்துக்கொண்டு மருமகளைப் பற்றிப் பேசி நின்றுவிடுவார்கள். நான்தான் விசில் வாங்கினேன். எல்லோரும் ஒரே திசை. நின்று பேசினால் விசில். இப்போது எங்கள் சங்கத்துக்கு ஒரு பேர் இருக்கிறது. ரயிலடிப் பக்கம் இன்னொரு சங்கம் உண்டு. அங்கே நடப்பதைவிட டீ குடிப்பது அதிகம். அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சுகிர்தா வந்தாள். பிசியோதெரபி காலேஜில் பாடம் நடத்துகிற பெண், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுகிறாள். மரியாதையான பெண். செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் வந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சார், வயசானவங்க உடற்பயிற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேக்குற கேள்விகள் இது. வெளிநாட்டுல உருவாக்கினது. நடக்கும்போது நெஞ்சு வலிக்குதா, தலை சுத்துதா, கீழ விழுந்தீங்களா, அந்த மாதிரி. பதிலைப் பார்த்துட்டு, இவர் தாராளமா நடக்கலாம், இவர் மொதல்ல டாக்டரைப் பார்க்கணும்னு பிரிச்சிரலாம். நாங்க தமிழ்ல மொழிபெயர்த்திருக்கோம். நம்ம ஊர்க்காரங்களுக்கு அது சரியா புரியுதான்னு பார்க்கணும். ரெண்டு வாரம் கழிச்சு அதே ஆள்கிட்ட அதையே திரும்பக் கேட்டா, அதே பதில் வருதான்னும் பார்க்கணும்."

"ஆக, பரீட்சை" என்றேன்.

"பரீட்சை கேள்விக்குத்தான் சார். உங்க ஆட்களுக்கு இல்லை."

நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன், தம்பி. நானும் எத்தனையோ பிள்ளைகளிடம் இதையே சொல்லியிருக்கிறேன். 'இது பரீட்சையே இல்லடா, பயப்படாம எழுது' என்று. பிறகு மார்க் போடாமல் இருந்திருக்கிறேனா?

"ரயிலடியிலயும் கேக்கப் போறீங்களா?" என்றேன்.

"ஆமா சார், அங்கயும் கேட்கணும்."

அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். என் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ஏதோ ஒரு வருடம் அதிர்ஷ்டத்தில் வந்தது இல்லை, நான் தலைமையாசிரியராக இருந்த வரைக்கும் அப்படித்தான். எப்படி என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். பாதி உழைப்பு. மீதிப் பாதி, யாரை எழுத விடுவது என்பதில் இருக்கிறது. தேறாத பையன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள் அல்லவா? அரையாண்டு முடிந்ததும் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, காபி வரவழைத்துக் கொடுத்து, "இந்த வருசம் வேண்டாம். டி.சி. வாங்கிக்கோங்க, தனித்தேர்வரா எழுதட்டும்" என்பேன். அவன் பெயிலானாலும் பள்ளிக்கூடத்துக் கணக்கில் வராது. பையனுக்கும் கூடப் படித்தவர்கள் முன்னால் தலைகுனிவு இல்லை. இரண்டு தரப்புக்கும் நல்லது. அழுதவர்களும் உண்டு. அவர்கள் பிற்பாடு புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டிருப்பார்கள்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? சுகிர்தா.

அந்தப் பெண் போகும்போது என்னிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போனாள். "எந்த வார்த்தை கடினமா இருக்குன்னு மட்டும் கோடு போட்டு வைங்க சார்" என்றாள். பரீட்சைக்கு முன்னாலேயே கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள்! என் சர்வீஸில் இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மறுநாளிலிருந்து நடை முடிந்ததும் மைதானத்துப் படிக்கட்டில் சிறப்பு வகுப்பு.

அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வயதானவர்கள், குழம்பிவிடுவார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் பதில் 'இல்லை'. நெஞ்சு வலி? இல்லை. ரத்தக் கொதிப்பு? இல்லை. மயக்கம்? இல்லை. படிக்கட்டே அதிர்ந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த செண்பகவல்லி அம்மாதான் இடக்கு பண்ணினார். எந்த வகுப்பிலும் ஒருவர் இருப்பார் அல்லவா, அந்த மாதிரி.

"சார், எனக்கு முட்டி வலிக்குதே. மாடி ஏறுனா உயிரு போகுது."

"மாடியை யாரு கேட்டா? கேள்வியில மாடி இருக்கா?"

"மூட்டு வலின்னு இருக்கே சார்."

"முழுசா படிங்கம்மா. 'நடமாட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு'ன்னு போட்டிருக்கு. நீங்க நடமாடித்தானே இங்க வந்தீங்க?"

"ஆட்டோவுல வந்தேன் சார்."

"ஆட்டோ வரைக்கும் நடந்தீங்கள்ல? இல்லைன்னு சொல்லுங்க."

"ஆட்டோ வாசலுக்கே வந்துரும் சார்."

"அம்மா, ரயிலடிக்காரங்க நம்மளைப் பார்த்துச் சிரிக்கணுமா?"

அதோடு அடங்கிவிட்டார். அந்த அம்மாவுக்கும் ரயிலடிக்கும் ஏதோ பழைய பகை.

குலசேகரன் மட்டும் கடைசிப் படியில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்லவில்லையே. விவசாய ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்தவர். பக்கத்துத் தெரு. நானும் அவரும் எத்தனை வருடப் பழக்கம் என்று கணக்குப் பார்த்தால் எங்கள் இரண்டு பேரின் வயதும் தெரிந்துவிடும், வேண்டாம். நல்ல மனிதர். ஒரே குறை, பொய் சொல்ல வராது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். சீட்டாட்டத்துக்கு லாயக்கில்லாத முகம்.

அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. மூன்றாவது சுற்று வரும்போது குனிந்து ஷூவைச் சரிபண்ணுவார். முதலில் நானும் ஷூ லேஸ்தான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அந்த ஷூவில் லேஸே கிடையாது, ஒட்டுகிற பட்டை. "யோவ், என்ன அடிக்கடி குனியுற?" என்று கேட்டேன். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாரி, கொஞ்ச நாளா நடக்கையில நெஞ்சைப் பிடிக்குதுடா. நின்னா விட்டுருது."

"வாயு" என்றேன்.

"வாயுதானா?"

"பின்னே? ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"சப்பாத்தி, உருளைக்கிழங்கு."

"அதான்."

உருளைக்கிழங்கு வாயு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சொன்னதில் தப்பு இருக்கிறதா? நான் டாக்டர் இல்லையே. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

சிறப்பு வகுப்பு முடிந்த அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அவர் கேட்டார், "அந்த மொதக் கேள்விக்கு நான் என்னடா சொல்ல?"

"எல்லாரும் சொல்றதைச் சொல்லு."

"அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துச் சொல்லணுமே."

யோசித்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்தால் முதல் கேள்வியிலேயே மொத்தச் சங்கத்தையும் கவிழ்த்துவிடுவார். எனக்குப் பழகிய வழி ஒன்று இருக்கிறதே. டீக்கடையில் நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்து, இதமாகத்தான் சொன்னேன். "சேகரா, நீ அன்னைக்கு வராத. உடம்பு நல்லானதும் அந்தப் பொண்ணை உங்க வீட்டுக்கே வரச்சொல்றேன். தனியா சொல்லிக்கலாம்."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"எம்புள்ளைக்கும் இதே மாதிரிதான் சொன்ன."

அவருடைய மகன் சேதுவைச் சொல்கிறார். சேதுவும் என் பள்ளியில்தான் படித்தான். கணக்கு வரவில்லை. அவனையும் தனித்தேர்வராகத்தான் அனுப்பினேன். சிநேகிதர் மகன் என்று சலுகை காட்டினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அதற்குப் பிறகு அவன் பரீட்சையே எழுதவில்லை. அது என் தப்பா? திருப்பூர் போனான், இப்போது சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான், கார் வைத்திருக்கிறான். நான் எழுத விட்டிருந்தால் ஏதாவது ஆபீஸில் கிளார்க்காக இருந்திருப்பான். அப்படியும் பார்க்கலாம் அல்லவா? அதை அப்பனும் மகனும் ஒரு நாளும் பார்க்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் சுகிர்தா, எதிரே ஒருவர் மாற்றி ஒருவர். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன், கண்காணிப்பாளர் மாதிரி. குலசேகரன் வரவில்லை. எனக்கு ஒரு நிம்மதி.

என்ன அழகாகச் சொன்னார்கள் தெரியுமா! அந்தப் பெண் 'நடக்கும்போது' என்று ஆரம்பிப்பதற்குள் 'இல்லை'. 'கடந்த ஒரு வருடத்தில்' என்பதற்குள் 'இல்லை'. ஒரு சின்னச் சிக்கல் வந்தது. கேள்வி புரிகிறதா என்று பார்க்க அந்தப் பெண் நடுநடுவே வேறு எதையோ கேட்கிறாள். அது பாடத்திட்டத்தில் இல்லை.

"இந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சும்மா?" என்று செண்பகவல்லி அம்மாவிடம் கேட்டாள்.

"இல்லை."

"இல்லம்மா, என்ன புரிஞ்சுதுன்னு கேட்டேன்."

"அதுவும் இல்லை."

இன்னொரு சிக்கல். கடைசிக் கேள்வி, ஏழாவது, காகிதத்தின் பின்பக்கம் இருந்திருக்கிறது. நான் ஜெராக்ஸ் எடுத்தது முன்பக்கம் மட்டும். பின்பக்கம் கேள்வி அச்சடித்தால் 'பின்பக்கம் பார்க்க' என்று கீழே போட வேண்டாமா? அந்தக் கேள்வி, 'வாரத்தில் பெரும்பாலான நாட்கள் நடப்பீர்களா?' வேர்வை சொட்டச் சொட்ட, ஷூ காலோடு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரும் 'இல்லை' என்றார்கள். நான் செருமிப் பார்த்தேன். என் செருமலைக் கேட்டதும் இன்னும் சத்தமாக 'இல்லை' என்றார்கள்.

சாயந்திரம் சுகிர்தா போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"சார், ஒருத்தருக்குக்கூட ஒண்ணுமே இல்லைங்கிறாங்க."

"எங்க சங்கம் அப்படிம்மா."

"ரத்தக் கொதிப்புகூட இல்லையா சார்? இத்தனை பேர்ல?"

"நடக்கிறோம்ல."

"நடக்கிறதே இல்லைன்னும் சொல்றாங்களே சார்."

போனிலும் ஒரு தடவை செருமினேன்.

"இதை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? இருக்குறவங்களை இருக்குன்னும் இல்லாதவங்களை இல்லைன்னும் இந்தக் கேள்வி பிரிச்சுக் காட்டுதான்னுதானே பார்க்கணும்? எல்லாருமே இல்லைன்னா, எங்க கைடு என்னை மொதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லிருவார்."

பாவமாக இருந்தது. ஆறுதல் சொன்னேன். "நல்ல ரிசல்ட் வந்தா ஆரம்பத்துல யாரும் நம்ப மாட்டாங்கம்மா. என் ஸ்கூலுக்கும் மேலிடத்துல இருந்து ஆள் அனுப்பிப் பார்த்தாங்க." அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். ரயிலடியில் எப்படி வந்தது என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்க முடியவில்லை.

கல்லுப்பட்டி வந்துவிட்டதா? நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் இறங்கவில்லை. ஏறி இறங்குவது ஒரு வேலை.

வந்துவிட்டீர்களா? எனக்கு எதற்குத் தம்பி பிஸ்கட்? சரி, ஒன்று கொடுங்கள்.

இரண்டாவது தடவை. ரெண்டு வாரம் கழித்து அதே நாற்காலி, அதே கொடிக்கம்பம். நம் ஆட்கள் மறக்கவே இல்லை. பின்பக்கக் கேள்விக்கு மட்டும் 'ஆமாம்' சொல்லும்படி திருத்திக் கொடுத்திருந்தேன். அதில் பாதிப் பேர் குழம்பியது வேறு கதை. பாதிப் பேர் சொல்லி முடித்திருப்பார்கள், மைதானத்துக் கேட்டைத் திறந்துகொண்டு குலசேகரன் வருகிறார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி. கேட்டிலிருந்து நாற்காலி வரைக்கும் வருவதற்குள் இரண்டு தடவை நின்றார். அன்றைக்குக் குனியவில்லை. நேராகவே நின்றார், எல்லோரும் பார்க்கும்படி.

"நான் போன தடவை வரலம்மா. இப்பச் சொல்லலாமா?" என்றார்.

"தாராளமா, உட்காருங்கய்யா."

நான் சுகிர்தாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவருக்கு நேராகத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் முதல் கேள்வியை வாசித்தாள். அந்த மைதானத்தில் அன்றைக்குத்தான் ஒரு கேள்வி கடைசி வார்த்தை வரைக்கும் வாசிக்கப்பட்டது.

"ஆமா" என்றார்.

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"நடக்கும்போது நெஞ்சைப் பிடிக்குதும்மா. இடது தோள் வரைக்கும் இழுக்கும். நின்னா விட்டுரும். நாலஞ்சு மாசமா இருக்கு. இப்ப கொஞ்ச நாளா ரெண்டாவது சுத்துலயே வந்துருது. ஷூவைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சுக்குவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "மாரிக்குத் தெரியும்" என்றார்.

மாரிக்குத் தெரியும்.

அந்த வார்த்தை தேவையா தம்பி? கேள்வித்தாளில் முன்பக்கம் பார்த்தாயிற்று, பின்பக்கம் பார்த்தாயிற்று. 'யாருக்குத் தெரியும்' என்று ஒரு கேள்வியும் கிடையாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டும் என்பது பரீட்சையின் முதல் விதி. ஆமாம் சொன்னாரா, சொல்லட்டும். நெஞ்சு அவருடையது. என் பேரை எதற்கு இழுக்க வேண்டும்? அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். சுகிர்தாவும் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பேனாவை மூடினாள், ஆட்டோ கூப்பிட்டாள், அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டாள். அங்கே இ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கே விடவில்லை, அப்படியே மதுரைக்கு ஆம்புலன்ஸ். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்று பெரிய டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். இல்லையா? சொல்வார்கள் அல்லவா?

அது போகட்டும். அடுத்த வாரம் சுகிர்தா வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். வரிசையில் நிற்கிறார்கள், தம்பி, மாற்றிச் சொல்ல!

"எனக்கு முட்டியைப் போட்டுக்கோம்மா. ரெண்டையும் போட்டுக்கோ" என்கிறார் செண்பகவல்லி அம்மா. "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறேன், சார்தான் சொல்ல வேண்டாம்னாரு" என்கிறார் ஒருவர். பாத்ரூமில் விழுந்ததை ஒருவர் நடித்தே காட்டினார். இல்லாத நோயைக்கூட ஒன்றிரண்டு பேர் சேர்த்துக்கொண்டார்கள் என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக்கொள்கிறாள், கொஞ்சமும் அலுக்காமல். எந்த வாத்தியாராவது பிள்ளைகள் பெயிலானதற்குச் சந்தோஷப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இப்போது மைதானத்துக்கு வந்து பாருங்கள். ஒரு சுற்று நடக்கிறார்கள், படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள். வெட்கமே இல்லை. நான் விசில் அடித்தால், "இருங்க சார், வர்றோம்" என்கிறார்கள். தலைவரை மாற்ற வேண்டும் என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம். குலசேகரன் திரும்பி வந்ததும் அவரைப் போடலாமாம். விசில் அடிக்க மூச்சு வேண்டாமா அந்த மனிதருக்கு?

நான் என்ன பதில் சொன்னேன் என்றா கேட்கிறீர்கள்? நான் உட்காரவில்லை. பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளர் பரீட்சை எழுதுவாரா? நீங்களே சொல்லுங்கள்.

அதில்தான் வம்பே வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து நான் போன் பண்ணுகிறேன், குலசேகரன் எடுக்கவில்லை. தினமும் முகம் பார்த்த மனிதர். காலையில் மைதானத்துக்குப் போகிற வழியில் அவர் வீட்டு வாசலில் நின்று 'யோவ்' என்று கூப்பிடுவேன். இப்போதும் கால் அங்கே நின்றுவிடுகிறது. பூட்டின வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டால் ஊர் சிரிக்கும் என்று நடந்துவிடுகிறேன்.

நேற்று போன் வந்தது. அவரில்லை, சேது. அப்பாவோடு அவன்தான் இருக்கிறான்.

"சார், அப்பா உங்களைப் பார்க்கணும்கிறார்."

"நாளைக்கே வர்றேம்ப்பா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒரு நிபந்தனை வச்சிருக்கார் சார். நாளைக்குக் காலையில சுகிர்தா மேடம் அப்பாவைப் பார்க்க வர்றாங்க. உங்க சங்கத்துல நீங்க ஒருத்தர்தான் பாக்கியாம். அப்பா முன்னாடி உட்கார்ந்து அந்த ஏழு கேள்விக்கும் நீங்க பதில் சொல்லணுமாம். உள்ளதைச் சொன்னா உட்கார்ந்து பேசிட்டுப் போகலாமாம். இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"இல்லைன்னு சொல்றதா இருந்தா அப்படியே பஸ் ஏறச் சொன்னார் சார்."

அதை அவன் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. பிறகு அவனே, "வாங்க சார். நான் வெளியிலதான் இருப்பேன், கூட்டிட்டுப் போறேன்" என்றான். நல்ல பையன். கணக்குத்தான் வரவில்லை.

அவ்வளவு என்ன எனக்கு இருக்கிறது, மறைப்பதற்கு? நெஞ்சு வலி கிடையாது, சத்தியமாக. முட்டி எல்லோருக்கும் இருக்கிற முட்டிதான். அந்த மூன்றாவது கேள்வி ஒன்றுதான் கொஞ்சம் இடிக்கிறது. தலை சுற்றுகிறதா என்று. கேள்வியே சரியில்லை, தம்பி. படுக்கையிலிருந்து எழுந்தால் யாருக்குத்தான் ஒரு சுற்றுச் சுற்றாது? பீரோவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் போய்விடும். பீரோ பக்கத்தில் இல்லாவிட்டால் சுவர். அன்றைக்கு ஒரு நாள் சுவரும் பக்கத்தில் இல்லை, உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். வீட்டில் அவள் விழுந்ததாகச் சொல்கிறாள், அவள் அடுப்படியிலிருந்து பார்த்தவள், அவளுக்கு என்ன தெரியும்? குலசேகரனிடம் எப்போது போய்ச் சொன்னாளோ. இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ராத்திரி பூராவும் யோசித்தேன். மைதானத்தில் நான் ஏன் நடக்காமல் விசிலோடு ஒரே இடத்தில் நிற்கிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

'ஆமாம்' என்று சொன்னால் என்ன ஆகும்? இவர் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் எழுதுவாள். அது சுகிர்தாவுக்குத் தெரியும், சேதுவுக்குத் தெரியும், நாளைக்குச் செண்பகவல்லி அம்மாவுக்குத் தெரியும், மறுநாள் ரயிலடிக்கே தெரியும். 'இல்லை' என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போகலாம். ராஜபாளையம் பஸ்ஸுக்கு என்ன பஞ்சம், வந்துகொண்டேதான் இருக்கும்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். காப்பி அடித்த மாதிரி ஆகிவிடும்.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது போலிருக்கிறதே. நீங்கள் முதலில் இறங்குங்கள், தம்பி. எனக்காக நிற்க வேண்டாம், பின்னால் ஆள் தள்ளுகிறார்கள். கூட்டமெல்லாம் இறங்கட்டும். கண்டக்டர் என்னைத் தெரிந்தவர்தான், சத்தம் போட மாட்டார். கேள்வி என்னவென்று தெரியும், பதிலும் தெரியும். எழுந்து நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

எங்கே, அந்தக் கையைக் கொஞ்சம் கொடுங்கள்.